யன்னல் கதிரை

இராசமலர் அக்கா போய்விட்டார். சற்றுமுன் ரொறன்ரோவிலிருந்து அவருடைய மகள் அழைத்துச் சொன்னாள். நித்திரையிலேயே போனாராம்...

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. எழுபதுகளின் கடைசியில், வடமராட்சியில் ஒரு சின்ன ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எங்கள் சுப்பவைசர். உடுப்பிட்டிக்காரர்.

நான் அப்போது பட்டம் முடித்து, கல்யாணம் முடித்து, பத்து மாதப் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு வேலைக்கு வந்தவள். என் கணவர் கொழும்பில் வேலை. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். பிள்ளை தும்மினால் பயம், போர்டில் மணி அடித்தால் பயம்.

முதல் நாள் சட்டதிட்டம் சொல்லப்போகிறார் என்று விறைத்துப்போய் இருந்தேன். அக்கா தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, தான் விட்ட பிழையைச் சொன்னார்.

கொழும்புக்கு ஒரு ட்ரங்க் கோல், தூர இடத்து அழைப்பு. இங்கே தம்பி, அங்கே தமக்கை. "அம்மாவுக்கு..." என்று தம்பி தொடங்கிய இடத்தில் அக்கா தவறான வயரைப் பிடுங்கிவிட்டார். பிறகு லைன் கிடைக்கவேயில்லை.

தமக்கை மெயில் ரயிலில் வழி முழுக்க அழுதுகொண்டு வந்து இறங்கினால், தாய் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டு இருக்கிறார். காலில் சுளுக்காம். அவ்வளவுதான்.

"அந்த மனிசி நேரா இங்கை வந்து என்னைப் பேசின பேச்சு... தமிழிலை அப்பிடிச் சொல்லெல்லாம் இருக்கெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும்," என்று சிரித்தார். பிறகு மெதுவாக, "அண்டைக்கு என்ரை மனம் வேலையிலை இல்லைப் பிள்ளை. நான் ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை."

அதிலிருந்து வந்த வழக்கம்தான். ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கமுன், ஹெட்ஃபோன் மாட்டமுன், ஒரு கேள்வி கேட்பார்.

"இண்டைக்கு ஆரின்ரை மனம் இங்கை இல்லை?"

கை உயர்த்தினால் யன்னல் கதிரை. ஊருக்குள் எடுக்கிற கோல் மட்டும்தான் அங்கே வரும். பிழை விட்டாலும் அடுத்த தெரு, ஒழுங்கையோடு முடிந்துவிடும். ஏன் என்று கேட்கமாட்டார். பிறகு குத்திக்காட்டவும் மாட்டார்.

எங்களோடு வேலை செய்த சற்குணம் அண்ணை திங்கட்கிழமையென்றால் கை உயர்த்துவார். "நேற்று மாமியார் வந்து நிண்டவ, அக்கா." எல்லோரும் சிரிப்போம். அவருக்கும் யன்னல் கதிரை உண்டு.

நான் மட்டும் உயர்த்தியதேயில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பிள்ளைக்காரி, இவளுக்கு இது சரிவராது என்று நினைத்துவிட்டால்...

அப்படியிருக்க, ஒருநாள் காலை பெரிய கந்தோரிலிருந்து மேலதிகாரி ஐயா வந்து எங்களுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். என்னை வைத்திருப்பதா அனுப்புவதா என்று பார்க்கத்தான் வந்திருந்தார்.

அன்றைக்கென்று மகனுக்குக் காய்ச்சல். அதற்கு முந்தின காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளை. விட்டுவிட்டு வரும்போது உடம்பு கொதித்தது.

அக்கா வழக்கம்போலக் கேட்டார். நான் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்குணம் அண்ணைகூடக் குனிந்து ஹெட்ஃபோனை எடுக்கத் தொடங்கிவிட்டார்.

அப்போது அக்காவே கை உயர்த்தினார்.

"என்ரை மனம் இல்லை. ஐயா வந்து நிக்கிறார் எண்டதிலையே நினைவெல்லாம் போகுது. நான் இண்டைக்கு ட்ரங்க் போர்டைத் தொடமாட்டன்." பிறகு, ஒருவரையும் பார்க்காமல், "வேறை ஆரும்?"

என்னை அறியாமலே என் கை மேலே போனது.

"பிள்ளைக்குக் காய்ச்சல் அக்கா... போனமுறை வலிப்பு வந்தது."

ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது. "இவவைத்தானே நிரந்தரமாக்கச் சொல்லி நீர் கேட்டனீர்?"

"ஓம் ஐயா. இப்பவும் அதைத்தான் கேக்கிறன்," என்றார் அக்கா. "சொல்லாமல் இருக்கிறவைக்குத்தான் நான் பயம்."

ட்ரங்க் போர்டில் சற்குணம் அண்ணை போய் இருந்தார். நான் யன்னல் கதிரையில். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் பக்கத்தில்.

கொஞ்ச நேரத்தில் அவரே வயரைச் சொருகி, எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையைக் கூப்பிட்டார். சொந்த விஷயத்துக்கு அப்படி எடுக்கக்கூடாது. ஐயா வெளியே நின்ற வேப்பமரத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் ஓடிப்போய் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாராம்: காய்ச்சல் இறங்கிவிட்டது, பெடியன் விசுக்கோத்துக் கேட்டு அழுகிறான், தாய் வேலையைப் பார்க்கட்டாம்.

நான் அழுதுவிட்டேன். ஹெட்ஃபோனைச் சரிசெய்வதுபோல அக்கா என்னை மறைத்துக்கொண்டு இருந்தார்.

வேலை நிரந்தரமானது.

பிறகு ஒரு ஷிஃப்டைப் பொறுப்பெடுக்கும் முறை எனக்கும் வந்தது. நானும் அதே கேள்வியைக் கேட்டேன். ஒருத்தரும் கை உயர்த்தவில்லை. நாள் நாளாகக் கேட்டேன்... ஊஹும். அக்காவிடம் போய் முறையிட்டேன்.

"நீர் உயர்த்தினீரோ?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் உயர்த்தினேன். அதற்குப் பிறகு யன்னல் கதிரை வெறுமையாகக் கிடந்தது குறைவு.

அன்று விசுக்கோத்துக் கேட்டு அழுதவன்தான் இப்போது சமைத்து வைத்துவிட்டு "சாப்பிடுங்கோ அம்மா" என்று நிற்கிறான். ஃபோனைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அக்காவின் மகள் அனுப்பிய படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நரைத்த தலை, அதே சிரிப்பு.

அக்கா... இண்டைக்கு என்ரை மனம் இங்கை இல்லை.

நான் யன்னல் கதிரையிலை இருக்கிறன். நீங்கள் போயிட்டு வாங்கோ.