ஒரு குழல் மட்டும் எரிந்த ஹீட்டர்

தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ரூம் ஹீட்டர் இருந்தது என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெயில் காலத்தில் தார் ரோடு செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் ஊரில், அறையைச் சூடாக்க யாராவது மிஷின் வாங்குவார்களா என்று கேட்கிறார்கள். நாங்கள் வாங்கினோம். அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. அந்த ஹீட்டரைச் சாக்காக வைத்து அப்பாவை எத்தனை வருஷம் திட்டினேன் என்று நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா மெட்ராஸில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. தினமும் மின்சார ரயிலில் போய் வருவார். பேச்சு குறைவு, செலவு அதைவிடக் குறைவு. யாராவது அறையை விட்டு வெளியே கால் வைத்தால் பின்னாலேயே வந்து விளக்கை அணைப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் பைபிளை அலமாரியில் வைத்துவிட்டு நேராகப் போய் மீட்டர் பெட்டிக்கு முன்னால் நிற்பார். அதற்கு இரண்டாவது ஆராதனை என்று பெயர் வைத்தவர் மாமா. அம்மாவின் தம்பி. வேலை தேடுகிறேன் என்று வந்து எங்களோடு தங்கியிருந்தார். வேலை அவரைத் தேடி வரும் என்று காத்திருந்தார் என்பதுதான் உண்மை.

அப்பா என்னைத் தூக்கி நான் பார்த்ததில்லை. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்கள் பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் தூக்கிக் கொஞ்சமாட்டார்கள். மாமனார் வீட்டு ஆட்கள் இருந்தால் தொடக்கூட மாட்டார்கள். அது கௌரவக் குறைச்சல். தலைப்பிரசவம் என்று நான் அம்மாவின் ஊரில் பிறந்தேன். நாலு மாதம் கழித்துத்தான் அப்பா என்னைப் பார்த்தார். அப்போதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இதை அம்மா சிரித்துக்கொண்டு சொல்வாள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

தம்பி எட்டாம் மாசத்தில் பிறந்துவிட்டான். கார்த்திகை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, நர்ஸாக இருந்ததால் பிழைத்தோம். குரோம்பேட்டையிலிருந்து நனைந்துகொண்டே வந்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தார். மறுநாள் அவரே ஒரு டாக்டரையும் கூட்டிவந்தார். இந்த மழையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம், உடம்புச் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தம்பி ஒரு ரொட்டி அளவுதான் இருந்தான். அழுகை பூனைக்குட்டி சத்தம் மாதிரி வரும். பார்க்க வந்த தெருப் பெண்கள், ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசம் தங்காது என்று அம்மாவின் காதில் விழும்படியே பேசினார்கள். எனக்கு முடிந்திருந்தால் ஒவ்வொருத்தி வாயிலும் மண்ணை அள்ளிப் போட்டிருப்பேன்.

வெந்நீர் ஊற்றிய பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பிரம்புக் கூடைக்குள் குழந்தையின் இரண்டு பக்கமும் வைத்தார்கள். அரை மணி நேரம் கொதிக்கும், அடுத்த அரை மணியில் ஆறிவிடும். இது சரிப்படாது என்றார் பெரியம்மா. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றின் பங்களாவில் கரன்ட் ஹீட்டர் வைத்து இப்படி ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதை அவர் பார்த்திருக்கிறார். எங்கேயாவது தேடி வாங்கி வா தம்பி என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். மூன்றாம் நாள் மழை கொஞ்சம் விட்டதும் அப்பாவும் மாமாவும் ரயிலேறினார்கள். அடம் பிடித்து நானும் போனேன்.

மெட்ராஸில் ஏறாத எலெக்ட்ரிக் கடை இல்லை. ஹீட்டர் என்றதும் எல்லாரும் வெந்நீர் போடும் கம்பியை எடுத்து நீட்டினார்கள். அறைக்கு என்று சொன்னதும் ஒரு கடைக்காரன் அப்பாவை மேலும் கீழும் பார்த்தான்.

"ரூமுக்கா? இன்னா சார், ஊட்டிக்கு மாத்தலா?"

அப்பா கடையை விட்டு இறங்கினார். குழந்தைக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் சிரித்திருக்க மாட்டான். அப்பா அதைச் சொல்ல மாட்டார். எனக்கு அங்கேயே கோபம் ஆரம்பித்துவிட்டது.

கடைசியில் பழைய சாமான் விற்கும் இடத்தில் ஒரு ஆள் குவியலுக்குள் கையை விட்டு இரண்டு ஹீட்டரை எடுத்துப் போட்டான். மலைப் பங்களா சாமான், ஏலத்தில் வந்தது என்றான். ஒன்று தாம்பாளம் மாதிரி வட்டமாகச் செம்பு நிறத்தில் பளபளத்தது. நடுவில் ஒரு பீங்கான் கூம்பு, அதைச் சுற்றிக் கம்பிச் சுருள். போட்டுக் காட்டினான். சூரியன் மாதிரி ஜொலித்தது. இன்னொன்று துருப்பிடித்த தகரப் பெட்டி. உள்ளே மேலும் கீழுமாக இரண்டு பீங்கான் குழல், முன்னால் கம்பி வலை. போட்டால் மேல் குழல் மட்டும் சிவந்தது. கீழ்க் குழல் அப்படியே கிடந்தது.

மாமாவுக்கும் எனக்கும் தாம்பாளம்தான் பிடித்திருந்தது. அப்பா இரண்டையும் கவிழ்த்துப் பார்த்தார். வயரை விரலால் நீவிக்கொண்டே போனார். தாம்பாளத்தின் வயரில் துணி உரிந்து செம்பு தெரிந்தது. முன்னால் வலையும் இல்லை. தள்ளிவிட்டால் அது உருண்டது. பெட்டியைத் தள்ளினார். அது நகராமல் நின்றது.

"இது போதும்" என்றார்.

"அத்தான், அதுல ஒண்ணு செத்துப்போச்சு. அரைகுறையா பொறந்த பிள்ளைக்கு அரைகுறை ஹீட்டரா?"

"நம்ம வீட்டு வயர் ஒண்ணைத்தான் தாங்கும்."

விலை குறைவு என்பதால்தான் வாங்குகிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். திரும்பி வரும்போது ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். நான் தாம்பரம் வரும் வரைக்கும் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

வீட்டில் தடியான பிளக் ஒன்றே ஒன்றுதான், முன் அறையில் ரேடியோவுக்குப் பக்கத்தில். அம்மா படுத்திருந்தது உள் அறை. அங்கே ஒரு பல்புதான் உண்டு. மாமா யாரையும் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் இஸ்திரிப் பெட்டிக்குச் செய்வதைத்தான் அவரும் செய்தார். பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே ஹீட்டர் வயரைச் சொருகினார். பத்து நிமிஷம் ஜோராக எரிந்தது. பிறகு உச்சியிலிருந்து கருகல் நாற்றம். ஹோல்டர் கறுத்து, ஃப்யூஸ் போய், வீடே இருண்டது. அப்பா திட்டவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி ஃப்யூஸைக் கட்டினார். ரேடியோவைத் தூக்கி அலமாரி மேல் வைத்தார். அம்மாவின் கட்டிலையும் கூடையையும் முன் அறைக்கு நகர்த்தச் சொன்னார். அவர் தினமும் செய்தி கேட்கும் இடம் அது.

பெரியம்மா விதிமுறைகள் சொன்னார். கூடையிலிருந்து மூன்று முழம் தள்ளித்தான் ஹீட்டர் இருக்க வேண்டும். முன்னால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைக்கு மூக்கு காய்ந்துவிடும். ஜன்னலில் ஒரு கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும். ஹீட்டர் மேல் எந்தத் துணியையும் போடக் கூடாது. சூடு சரியா என்று பார்ப்பது என் வேலை. கூடைப் பக்கத்தில் புறங்கையை நீட்டி ஐம்பது எண்ண வேண்டும். சுகமாக இருந்தால் சரி, சுட்டால் ஹீட்டரைத் தள்ள வேண்டும். பள்ளிக்கூடம் மழைக்கு மூடியிருந்தது. நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசி விதியை மாமா மீறினார். மழையில் கோவணத் துணி எதுவும் காயவில்லை. இரண்டு நிமிஷம்தானே என்று வலை மேல் ஒன்றைப் போட்டார். எடுக்கும்போது அதில் வரிசையாகப் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. தம்பி ஒரு வயது வரைக்கும் அந்தக் கோடு போட்ட துணியைத்தான் கட்டிக்கொண்டு திரிந்தான். ஆனால் அவன் ஒரு வயதைப் பார்ப்பான் என்று அன்றைக்கு யாரும் நம்பவில்லை.

ஹீட்டர் வந்து ஆறாம் நாள். விடிந்ததிலிருந்து பேய் மழை. ரயில் ஓடவில்லை. அப்பா ஆபீஸ் போகவில்லை. பெரியம்மாவுக்குப் பகல் டியூட்டி, எப்படியோ போய்விட்டார். அம்மாவுக்கு முந்தின நாளே காய்ச்சல் வந்திருந்தது. மூன்று போர்வைக்குள்ளும் பல் கிட்டியது. பத்து மணி வாக்கில் எங்கேயோ மரம் விழுந்த சத்தம் கேட்டது. கரன்ட் போய்விட்டது. ஹீட்டரின் குழல் சிவப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறுவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மாமா ஸ்டவ்வில் வெந்நீர் வைத்தார். பாட்டிலில் ஊற்றும்போது அவசரத்தில் ஒன்று வெடித்தது. மற்றொன்றை வைத்துச் சமாளித்தோம். பிறகு மண்ணெண்ணெயும் தீர்ந்தது. மாமா டின்னை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனார். நான் கூடைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தம்பியின் பாதம் குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. அவன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, ஜில்லுனு இருக்கான்."

அப்பா வந்து கூடைக்குப் பக்கத்தில் நின்றார். எட்டி அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணைத் திறந்து, நடுங்கிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, சட்டையைக் கழட்டிட்டு நெஞ்சோட போட்டுக்கோங்க. என் உடம்பு ஆகாது."

"எனக்குத் தூக்கத் தெரியாதே."

"தலையை மட்டும் பிடிங்க. மத்தது அவன் பார்த்துப்பான்."

அப்பா வாசலைப் பார்த்தார். கதவைச் சாத்து என்று என்னிடம் சொன்னார். சட்டையைக் கழற்றினார், பனியனையும் கழற்றினார். பனியன் இல்லாமல் அப்பாவை அதுவரைக்கும் நான் பார்த்ததில்லை. எலும்பு எலும்பாக இருந்தார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் கூடையிலிருந்து தம்பியை எடுத்து அவர் நெஞ்சில் வைத்தேன். அம்மாவின் பழைய புடவையால் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றினேன். அப்பா மூச்சுவிடவே பயப்படுகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாமா மண்ணெண்ணெய் கிடைக்காமல் வெறும் டின்னோடு திரும்பி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, முதல் தடவையாக, கிண்டல் எதுவும் செய்யாமல் சமையல்கட்டுக்குப் போய்விட்டார். நான் நடுநடுவே புடவைக்குள் கையை விட்டு ஐம்பது எண்ணினேன். மத்தியானம் தாண்டியதும் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் பூனைக்குட்டி சத்தம் வந்தது. அப்பா, "சரி, சரி" என்றார். யாரோ மேலதிகாரியிடம் சொல்வது மாதிரி இருந்தது.

மூன்று மணி இருக்கும். ஹீட்டரில் மெல்ல டிக் டிக் என்று சத்தம் கேட்டது. ஸ்விட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. மேல் குழல் சிவக்க ஆரம்பித்தது.

"கரன்ட் வந்துடுச்சுப்பா" என்று குதித்தேன். கூடையை இழுத்துச் சரியான இடத்தில் வைத்தேன். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன். கையை நீட்டினேன்.

அப்பா எழுந்திருக்கவில்லை. ஹீட்டரைப் பார்த்தார். குனிந்து புடவைக்குள் பார்த்தார்.

"அதை அணைச்சிடும்மா" என்றார்.

"தம்பிக்கு?"

"இருக்கட்டும். இங்க சூடு போதும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த நேரத்திலும் மீட்டரா? அணைத்தேன். அணைத்துவிட்டுப் போய் மூலையில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா விழித்துத்தான் இருந்தாள். எல்லாவற்றையும் பார்த்தாள். எனக்காக ஒரு வார்த்தை பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் போர்வையை வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். போர்வை குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் பெரியம்மாவின் குடை கேட்டில் தெரிந்ததும் ஓடிப்போய் வாசலிலேயே சொல்லிவிட்டேன். கரன்ட் வந்து இரண்டு மணி நேரம் ஆச்சு, அப்பா ஹீட்டர் போட விடவில்லை, யூனிட் ஓடுமாம் என்று. கடைசி வார்த்தை நானாகச் சேர்த்தது.

பெரியம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"பெத்த பிள்ளைக்கே கரன்ட் கணக்குப் பார்க்கிறியா தம்பி? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

இல்லை என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மச்சினரும் மனைவியும் பெற்ற பெண்ணும் பார்த்துக்கொண்டிருக்க, தலையைக் குனிந்து அந்தத் திட்டை வாங்கிக்கொண்டார். பெரியம்மா புடவையை அவிழ்த்துத் தம்பியை எடுத்துக் கூடையில் வைத்தார். நான் ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

தம்பி பிழைத்தான். இன்றைக்குத் தொப்பையும் வழுக்கையுமாக இருக்கிறான், ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு வியர்க்கிறது என்று புலம்புகிறான். அந்த ஹீட்டர் அடுத்த மழைக்கு முன்னாலேயே காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆனால் நான் அதை விடவில்லை. காலேஜுக்குப் பணம் கேட்ட சண்டையில், கல்யாணச் சண்டையில், எல்லாவற்றிலும் அதை எடுத்து அப்பாவின் முகத்தில் எறிந்தேன். பிள்ளைக்கே கரன்ட் கணக்குப் பார்த்தவர்தானே நீங்கள் என்று. அவர் ஒரு நாளும் மறுக்கவில்லை. செத்துப்போகிற வரைக்கும் கஞ்சன் என்ற பெயரோடுதான் இருந்தார்.

அன்றைக்குச் சாயங்காலம் கூடையைச் சுற்றி எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் தள்ளி நின்று சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டார். பிறகு நெஞ்சில், தம்பி படுத்திருந்த இடத்தில் கையை வைத்து, எதையோ தொட்டுப் பார்க்கிற மாதிரி, அப்படியே நின்றார். கையை எடுக்கவே இல்லை.

சட்டைப் பையில் ரயில் சீசன் டிக்கெட்டைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அது அலமாரியில் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்தது. எடுத்துக்கொண்டு போய், முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினேன். அப்பா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.