திங்கட்கிழமை ரத்தம்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு 'நார்மல் மேடம்' என்று பெயர். என் குணத்தைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. குணத்தைப் பார்த்திருந்தால் வேறு பெயர்தான் வைத்திருப்பார்கள், எனக்கு அந்த வயதில் கோபம் மூக்குக்கு மேலே வரும். என் ரத்தத்தைப் பார்த்து வைத்தார்கள்.

எழுபதுகளின் கடைசி அது. டில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் உயிர்வேதியியல் பிரிவில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கல்லீரல் கெட்டு, வயிறு உப்பி வரும் சின்னக் குழந்தைகளின் ரத்தத்தில் தாமிரம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் வேலை. தாமிரம் நம் எல்லோருடைய ரத்தத்திலும் துளி உண்டு. அது இல்லாமல் உடம்பு ஓடாது, கூடினாலும் ஓடாது. அந்தத் துளியை அளக்க எங்களிடம் ஓர் இயந்திரம் இருந்தது. ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் மஞ்சள் நீரைத் தூறலாக்கி ஒரு சுடருக்குள் விட வேண்டும். சுடரின் ஊடே ஒரு விளக்கின் வெளிச்சம் போகும், முள் நகரும், அளவைக் குறித்துக்கொள்ளலாம். தாமிரத்துக்கு ஒரு விளக்கு, துத்தநாகத்துக்கு வேறு விளக்கு. விளக்கை மாற்றி நிலைப்படுத்த அரைநாள் போய்விடும் என்பதால், துத்தநாகத்தை மட்டும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

இந்த வேலையில் எதிரி அழுக்குதான். கண்ணுக்குத் தெரிகிற அழுக்கு இல்லை. குழாய் பித்தளை, பித்தளையில் தாமிரம். ஊசியில் உலோகம். ரப்பர் மூடியில் துத்தநாகம். வியர்த்த விரலில்கூட ஏதாவது ஒட்டியிருக்கும். ஒரு சோதனைக்குழாய் சரியாகக் கழுவப்படாவிட்டால் ஆரோக்கியமான குழந்தைக்கும் வியாதி என்று எழுதிவிடுவோம். அதனால் ஒவ்வொரு குழாயும் ஒரு முழு இரவு நைட்ரிக் அமிலத்தில் ஊறி, மறுநாள் இருமுறை காய்ச்சி வடித்த நீரில் ஆறு தடவை அலசப்பட வேண்டும்.

அந்தக் கழுவல் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க எங்கள் பேராசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். வாராவாரம் திங்கட்கிழமை, ஆரோக்கியமான ஒரே ஆளின் ரத்தத்தை, குழந்தைகளுக்குப் பயன்படுத்தும் அதே ஊசியில், அதே குழாயில் எடுத்து அளக்க வேண்டும். அளவு மாறாமல் இருந்தால் எல்லாம் சுத்தம். அந்த ஆள் நான். இரண்டு வருஷமாக என் தாமிரம் இம்மி பிசகவில்லை. பேராசிரியர் ஒரு வங்காளி, கூச்ச சுபாவி, யாரையும் சட்டென்று பாராட்டமாட்டார். அவரே ஒருநாள் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் ரத்தத்தை வைத்து இயந்திரத்தையே திருத்தலாம்" என்றார். அன்றைக்கு லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வரை நான் நடந்தா போனேன்? மிதந்து போனேன்.

அந்த டிசம்பரில் என் கோடு ஏறத் தொடங்கியது.

முதல் திங்கள் கொஞ்சம். கை நடுக்கம் என்று விட்டுவிட்டேன். அடுத்த திங்கள் இன்னும் கொஞ்சம். மூன்றாவது வாரமும் ஏறவே, இயந்திரத்தைச் சோதித்தேன். சுத்தமான தாமிரக் கம்பியைக் கரைத்து நாங்களே வைத்திருந்த அளவுக் கரைசல் சரியாகக் காட்டியது, ஆகவே இயந்திரத்தில் கோளாறு இல்லை. அப்படியென்றால் குழாயில் அழுக்கு. குழாயில் அழுக்கு என்றால், அந்த வாரங்களில் நாங்கள் எடுத்த குழந்தைகளின் ரத்தம் எல்லாம் வீண்.

வீண் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ரத்தத்தை எடுக்கும்போது நானும் வார்டில் நிற்பேன். எலும்பும் தோலுமான கையில் நரம்பைத் தேடித் தேடிக் குத்துவோம். குழந்தை வீறிடும், தாய் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிகாரிலிருந்தும் ராஜஸ்தானிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். ஊருக்குத் திரும்பியவர்களை எங்கே தேடுவது? அங்கேயே இருப்பவர்களிடம் போய், "அம்மா, எங்கள் குழாய் சுத்தமில்லை, இன்னொரு தடவை குத்திக்கொள்கிறோம்" என்று எந்த முகத்தோடு கேட்பது? அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

எனவே நான் குழாய் கழுவுகிறவர் மீது பாய்ந்தேன். கட்வால் மலைப் பக்கத்துக்காரர், ஐம்பது வயது. அமிலம் பட்டுப் பட்டு விரல் நுனிகள் மஞ்சளாகவே ஆகியிருக்கும். எல்லோரும் அவரை பையா, அதாவது அண்ணா என்போம்; பெண்களை அவர் மரியாதையாக பீபிஜி என்பார். குளிருக்கு மப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, பாட்டு முனகியபடி கழுவுவார். அந்தப் பாட்டே எனக்கு ஆதாரமாகப் போய்விட்டது. பாடுகிறவர் அலசலை எப்படி எண்ணுவார்? ஆறுக்கு நாலோடு நிறுத்துகிறார், குளிருக்குப் பயந்து குழாய்த் தண்ணீரில் முக்கி எடுக்கிறார் என்று நானே முடிவு கட்டினேன்.

"பையா, எத்தனை தடவை அலசினீர்கள்?"

"ஆறு, பீபிஜி."

"இனிமேல் பன்னிரண்டு."

பன்னிரண்டு அலசினார். கோடு ஏறியது. அமிலத்தில் இரண்டு இரவு ஊறவைக்கச் சொன்னேன். கோடு ஏறியது. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவர் கையையே பார்த்தேன். பாட்டு நின்றதுதான் மிச்சம். கடைசியில் நானே ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு, ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போகும்வரை கழுவினேன். ஆறாவது திங்கள், கோடு தாளின் மேல் ஓரத்தைத் தொட்டது.

அன்றைக்கு நான் கத்திய கத்தலை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பையா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மப்ளரை அவிழ்த்து மேசைமேல் வைத்தார், ஸ்வெட்டரை முழங்கைக்கு மேல் ஏற்றினார், கையை என் முன்னால் நீட்டினார்.

"மேரா கூன் லே லோ. என் ரத்தத்தை எடுங்கள். நான் கழுவின குழாயில் எடுங்கள். தாமிரம் ஏறியிருந்தால் நாளையிலிருந்து நான் வரவில்லை."

ஆறு வாரமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. வேறொரு ஆளின் ரத்தத்தை எடுத்துப் பார்த்திருந்தால் முதல் வாரமே விஷயம் தெரிந்திருக்கும். உலகத்தில் எது வேண்டுமானாலும் மாறும், என் ரத்தம் மாறாது என்று நம்பியிருந்தேன். எடுத்தேன். அளந்தேன். முள் அழகாக, நடுவில், எங்கே நிற்க வேண்டுமோ அங்கே போய் நின்றது. மறுபடி அளந்தேன். அதே இடம்.

"குழாய் சுத்தம்தானே?" என்றார் பையா.

"சுத்தம்" என்றேன். குழாய் சுத்தமென்றால் குழந்தைகளின் ரத்தமெல்லாம் பத்திரம். ஒரு மூச்சு நிம்மதியாக விட்டேன், அவ்வளவுதான். அடுத்த மூச்சுக்குள் பயம் வந்துவிட்டது. அழுக்கு குழாயில் இல்லை என்றால், ஏறுவது என் ரத்தம். தாமிரம் எந்தெந்த வியாதியில் ஏறும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். கல்லீரல், ரத்தப் புற்று, உள்ளே மறைந்திருக்கும் சீழ் என்று என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயமே அந்தப் பட்டியல்தான். நானே தட்டச்சு செய்தது.

பேராசிரியரிடம் போய் நின்றேன். வரைபடத்தைப் பார்த்தார். "துத்தநாகம் என்ன?" என்று கேட்டார். இன்னும் பார்க்கவில்லை என்றேன். "வெளியிலிருந்து வந்த அழுக்கானால் அதுவும் கூட ஏறியிருக்க வேண்டுமே. பாருங்கள்" என்றார். உறைபெட்டியில் வைத்திருந்த ஆறு வாரத்து ரத்தநீரையும் எடுத்து, விளக்கை மாற்றி, அளந்து கொண்டுபோனேன். தாமிரம் படிப்படியாக மேலே போயிருந்தது, துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வந்திருந்தது.

அவர் இரண்டு கோடுகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"நீங்கள் வார்டில் இருக்கும் சிஸ்டரிடம் போய்ப் பேசுங்கள்" என்றார்.

"எதைப் பற்றி, சார்?"

"அவரிடமே கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு, காலியான மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

சிஸ்டர் நாகர்கோவில்காரர். திங்கள்தோறும் என் கையில் குத்துகிறவர் அவர்தான். வார்டிலே என்னோடு தமிழ் பேச அவரும், அவரோடு பேச நானும் என்று இரண்டு வருஷப் பழக்கம். கோயம்புத்தூர்க்காரியான என் 'ங்க'வைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு வரும். அன்று நான் அழுதுகொண்டே போனேன்.

"அக்கா, எனக்கு என்னமோ பெரிய வியாதிங்க்கா. தாமிரம் ஏறுது, துத்தநாகம் எறங்குது. சார் வாயத் தொறந்து சொல்லமாட்டேங்கறாரு."

சிஸ்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏட்டி, ஒனக்குக் குளிச்சு எத்தன நாளாச்சு?"

"எனக்கு அதெல்லாம் கணக்கே இல்லீங்க்கா."

"அதத்தான் கேக்கேன். கடைசியா எப்ப?"

அவர் கேட்டது மாதவிலக்கை; கணக்கு இல்லாத காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மூன்று வருஷம் முன்பு எனக்கு ஒன்று உண்டாகி, இரண்டாம் மாதமே கலைந்துபோனது. அதிலிருந்து உடம்பு தன்னிஷ்டப்படிதான் நடந்தது. இனிமேல் தங்குவது கஷ்டம் என்று ஒரு டாக்டரம்மா சொல்லியிருந்தார். மாதாமாதம் நாள் எண்ணி, ஆசைப்பட்டு, அழுது, ஒருநாள் எண்ணுவதையே நிறுத்திவிட்டேன். நானும் என் கணவரும் அந்தப் பேச்சையே வீட்டில் எடுப்பதில்லை.

"தீபாவளிக்கு முன்னாடிங்க்கா" என்றேன்.

"பெரிய படிப்புப் படிச்சவ!" என்று தலையில் அடித்துக்கொண்டார் சிஸ்டர். "பிள்ளத்தாச்சிக்குத் தாமிரம் ஏறும்னு நீதானட்டி போன வருசம் எனக்குப் பாடம் எடுத்தே? அதுக்காகத்தான தாய்மார்ல மாசமா இருக்கவள்ட்ட ரத்தம் எடுக்காதீங்கன்னு சொன்னே?"

சொன்னது நான்தான். ஆய்வேட்டில் அந்தப் பட்டியலுக்குக் கீழே, தனிப் பத்தியாக, நானே எழுதியிருக்கிறேன். கர்ப்பத்தில் தாமிரம் ஏறும், துத்தநாகம் இறங்கும், அது இயல்பு. மற்ற பெண்களைப் பற்றித்தான் எழுதியதாக நினைத்திருந்தேன் போலும்.

சிறுநீரைக் கொடுத்தேன். மறுநாள் முற்பகல் சிஸ்டர் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அவர் நடையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அங்கேயே அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் தொப்பி கீழே விழுந்தது, இரண்டு பேரும் எடுக்கவில்லை.

முதலில் பையாவிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன், காரணத்தையும் சொன்னேன். அவர் தன் மஞ்சள் விரல்களை ஒருதரம் பார்த்தார். பிறகு அந்த அறையே அதிரச் சிரித்தார்.

"பிறந்ததும் இங்கே தூக்கி வாருங்கள், பீபிஜி. ஆறு வாரம் என்னை இந்தப் பாடு படுத்தினது யார் என்று நான் நேரில் பார்க்க வேண்டும்!"

அங்கிருந்து பஸ் பிடித்து லோதி ரோடுக்குப் போனேன். என் கணவருக்கு அங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. மதிய நேரம். டில்லிக் குளிர்காலத்தில் அந்த நேரத்தில் அலுவலகத்துக்குள் ஒருவரும் இருக்கமாட்டார்கள். முன்னால் இருந்த புல்வெளியில் ஆண்கள் வேர்க்கடலை உடைத்துக்கொண்டும், பெண்கள் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டும் வெயிலில் கிடந்தார்கள். அவர் ஒரு ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். நான் அதற்கு முன் அங்கே போனதே இல்லை.

"என்னாச்சு? அந்தக் கொழா கழுவறவனோட மறுபடியும் சண்டையா?"

"இல்லீங்க. தாமிரம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபுடிச்சுட்டேன்."

ஆறு வாரமாகத் தினம் ராத்திரி சாப்பாட்டோடு இந்தப் புராணத்தைக் கேட்டவர் அவர். "எங்கிருந்து?" என்றார் உண்மையான அக்கறையோடு.

அத்தனை பேர் நடுவில் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. "குழந்தைங்க" என்றேன். "நமக்குங்க. மூணு மாசம்."

பாதி உரித்த ஆரஞ்சு அவர் கையிலேயே இருந்தது.

"ஆறு வாரமா அது வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லிட்டு இருந்திருக்குங்க. நாந்தான் அழுக்குன்னு நெனச்சு ஆசிட் ஊத்தி ஊத்திக் கழுவிட்டு இருந்தேன்" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அவர் கீழே பார்த்தபடி நின்றார். போனமுறை ஆஸ்பத்திரியிலிருந்து என்னை ஆட்டோவில் கூட்டிவந்தபோதும் அழாத மனுஷன். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நிமிர்ந்தபோது கண் நிறைந்திருந்தது, வாய் காதுவரை சிரித்தது.

"அத்தன கழுவியும் போகலயே" என்றார்.