வெல்டிங் பொறி விழாத இடத்தில் ஒரு வடு

ஒரகடத்துக்கு யாரும் சுற்றுலா போவதில்லை. நானும் அதற்காகப் போகவில்லை. போன ஐப்பசியில், அங்கே வெல்டராக இருக்கும் என் தங்கை மகன் மாரிமுத்துவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல் விடவில்லை, எங்களிடம் மறைத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டுக் கோவில்பட்டியிலிருந்து கிளம்பினேன். தங்கைக்கு முழங்கால் வலி, இரவெல்லாம் பேருந்தில் உட்கார முடியாது. எனக்குப் பள்ளிக்கூட டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு கிடைத்து ஆறு வருடமாகிறது. அந்தப் பக்கம் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தெற்கிலிருந்து வருபவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, நகரப் பேருந்தில் தாம்பரம் வர வேண்டும். அங்கிருந்து படப்பை வழியாக வாலாஜாபாத் போகும் பேருந்தில் ஒரகடம் கூட்டுச்சாலை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஒரு மணி நேரம் என்பார்கள். ஷிப்ட் மாறும் நேரத்தில் மாட்டிக்கொண்டால் ஒன்றரை மணி நேரம்.

கூட்டுச்சாலையில் ஆட்டோ பிடித்து, தெருப்பெயரைச் சொன்னேன். ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

"தெரு பேரெல்லாம் இங்க வேலைக்கு ஆவாதும்மா. எந்த கம்பெனி, எத்தினியாவது கேட், அத்த சொல்லு. புள்ளைய பாக்க வந்துகினியா?"

"எப்படிப்பா தெரியும்?"

"பை நெறைய முறுக்கு வாசனை வருதே!"

நூற்றிருபது ரூபாய் வாங்கிக்கொண்டார். இறங்கும்போது கொஞ்சம் முறுக்கும் வாங்கிக்கொண்டார்.

விடுதியில் ஒரே அறையில் எட்டுப் பையன்கள். நான்கு பேர் இரவு ஷிப்ட், பகலில் தூங்குவார்கள். மற்ற நான்கு பேர் நேரெதிர். அதனால் எந்நேரமும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். அறைக்குள் போன் பேசக் கூடாது என்பது அவர்களாகவே வைத்துக்கொண்ட சட்டம். மணி அடித்தால் பின்னால் இருக்கும் காலி மனைக்குப் போய்விட வேண்டும். இடுப்பளவு புல்லும் புதரும் மண்டிய இடம்.

மாரிமுத்து சுவரோரம் சுருண்டு கிடந்தான். மூச்சு வேகமாக வந்தது.

"எதுக்கு பெரியம்மா அம்புட்டுத் தொலவுல இருந்து வந்தீக? சாதாக் காய்ச்சல்தான். நாளைக்கி டூட்டிக்குப் போயிருவேன்."

"இதத்தான் நாலு நாளா சொல்றான்" என்றான் அறைத்தோழன் செல்வம், ராமநாதபுரத்துப் பையன். "எந்திரிச்சு பாத்ரூம் போறதுக்கே ரெண்டு பேரு பிடிக்கணும். இவரு வெல்டு அடிக்கப் போறாராம்!"

பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு முறை ஊசி போட்டாகிவிட்டது. நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. செல்வத்தையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் அரசு மருத்துவமனைக்குப் போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நாடி பார்த்தார், சட்டையைக் கழற்றச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார். அக்குளுக்குள் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறியதாக, கறுத்துக் காய்ந்த ஒரு வடு இருந்தது.

"அது ஸ்பார்க் மேடம்" என்று செல்வம் முந்திக்கொண்டான். "எங்க லைன்ல எல்லாருக்கும் இருக்கும்" என்று தன் முன்னங்கைகளை நீட்டிக் காட்டினான். அதிலும் கறுப்புப் புள்ளிகள் நிறைய.

"கையில சரிப்பா. தோல் ஜாக்கெட் போட்டுதானே வெல்டு பண்றீங்க? அக்குளுக்குள்ள பொறி எப்படிப் போகும்? கிச்சுக்கிச்சு மூட்டவா போகும்?"

அந்தக் காய்ச்சலிலும் மாரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. எட்டுப் பேரும் அந்த வடுவைப் பார்த்திருக்கிறார்கள். எட்டுப் பேரும் பொறி என்றே நினைத்திருக்கிறார்கள்.

அது புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடித்த தடம். ஸ்க்ரப் டைஃபஸ் என்றார் டாக்டர். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் போயிருக்கும் என்றார். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தார். பல காலமாக இருக்கும், விலை மலிந்த மருந்து.

"இதுக்குத் தடுப்பூசி கிடையாதாம்மா?" என்று கேட்டேன்.

"கிடையாதுங்கம்மா. எல்லா ஊர்லயும் உடனே சொல்ற மாதிரி நம்பகமான ஒரு டெஸ்ட் இருந்தாலே எங்களுக்குப் போதும். வயல்லயும் புதர்லயும் வேலை செய்றவங்களுக்கு வர்ற நோய். ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க, ஆனா ரொம்பக் கம்மி."

மாரிமுத்துவின் கட்டிலருகே உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சர்க்கரை. என் டாக்டர் அடிக்கடி ஏதாவது புது மாத்திரையைப் பற்றிச் சொல்வார். அதில் எனக்குக் குறையில்லை, என் போன்றவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறோம். ஆனால் எந்த நோய் எத்தனை பேரை வாட்டுகிறது என்று ஒரு படமும், எந்த நோய்க்கு எவ்வளவு ஆராய்ச்சி நடக்கிறது என்று இன்னொரு படமும் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் பொருந்தாது. மருந்தைக் காசு கொடுத்து வாங்க முடிந்தவர்களின் நோய் இருக்கும் பக்கம் ஆராய்ச்சி தடித்திருக்கும். இந்தச் சாலையிலேயே உதாரணம் இருக்கிறது. ஒரு கார் கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, எப்போது தேயும் என்று பார்ப்பதற்கே இங்கே இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கதவுக்கு வெல்டு வைக்கிறவனின் காய்ச்சலைக் கண்டுபிடிக்க, அவன் கையைத் தூக்கிப் பார்க்கும் ஒரு டாக்டர் அமைய வேண்டியிருக்கிறது.

இரண்டாம் நாள் மாலை காய்ச்சல் இறங்கியது. இட்லி கேட்டான். எனக்கு அதன் பிறகுதான் அழுகை வந்தது.

"புதருக்குள்ள உக்காந்து அப்படி யார்கூடடா பேசுவே?" என்று கேட்டேன். செல்வம் தொண்டையைச் செருமினான். ஒரு பெண் பெயரை எதிர்பார்த்தேன்.

"நீங்கதான் பெரியம்மா தெனம் சாயங்காலம் கூப்பிடுவீகள்ல" என்றான் மாரிமுத்து.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடுதிக்குப் பக்கத்திலிருக்கும் கம்பெனியின் கேட் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்திலும் அதையொட்டிய மாதங்களிலும் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து, சில நாளில் இறங்காவிட்டால், அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பார்த்து, கறுப்பு வடு இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். வெட்கப்படுவார்கள், விடாதீர்கள். வடு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும். அதனால் புதரில் உட்கார்ந்ததையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

நான் இப்போதும் தினம் சாயங்காலம் கூப்பிடுகிறேன். சாப்பிட்டாயா என்பதற்கு முன்னால், எங்கே நின்று பேசுகிறாய் என்று கேட்பேன்.

"மொட்டை மாடியில பெரியம்மா" என்பான். பின்னாலிருந்து செல்வத்தின் குரல் சாட்சி சொல்லும்: "ஆமா டீச்சர், மாடியிலதான் நிக்கான்."