மார்பு வலி என்று அழுத்திய நாள்: பாலக்கோடு, தருமபுரி, சித்தேரி

இந்தப் பக்கத்தில் நான் வழக்கமாக எழுதுவது ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய இடங்களைப் பற்றி. எந்தப் பஸ், எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும், பெண்களுக்குக் கழிப்பறை உண்டா என்கிற மாதிரி விஷயங்கள். இந்த முறை ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனதையும், அதனால் ஒன்பது நாள் கழித்து ஒரு மலைக்குப் போனதையும் எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பெண்களையும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஷமீம் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். போன ஆவணியில் ஒரு நாள் ரவிக்கை வாங்கப் போனபோது கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டுக் கேட்டாள். "அக்கா, தருமபுரில ஒரு ஆஸ்பத்திரில கவுண்டர்ல ஆளே இல்லையாம். நாமளே மெஷின்ல பதிஞ்சிக்கலாமாம். கூட வர்றீங்களா?"

எதற்கு என்று கேட்டேன். இடது மார்பில் கட்டி, நாலு மாதமாக இருக்கிறது என்றாள். பாலக்கோட்டிலேயே காட்டியிருக்கலாமே என்றதற்கு, "அங்க போனா எடுத்ததும் என்ன தொந்தரவும்மான்னு சத்தமா கேப்பாங்க. பெஞ்சுல உக்காந்திருக்கறது பூரா எங்கிட்டத் துணி குடுக்கறவங்க" என்றாள். அவள் கணவருக்கும் தெரியாது. டாக்டர் சொல்வதைக் கேட்ட பிறகு அவரிடம் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். நாளைக்கே போகலாம் என்றேன்.

பாலக்கோட்டிலிருந்து தருமபுரி சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கும். நாங்கள் அவசரத்தில் கிடைத்த தனியார் பஸ்ஸில் ஏறினோம். அவசரத்துக்குப் பயனில்லை. தக்காளி மார்க்கெட்டுக்கு வந்த வண்டிகளைத் தாண்டவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு புலிக்கரை வரைக்கும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தார், டிராக்டர்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஷமீம் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நான் அதைப் பார்க்காமல் இருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். முக்கால் மணியில் முடிய வேண்டிய பயணம் ஒன்றேகால் மணி நேரம் இழுத்தது.

பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னதும், "மெஷின் வச்சிருக்கறதுங்களா? ஏறுங்க" என்றார். போகும் வழியில் அவரே சொன்னார்: "ஓடிபி வரணும்ங்க, போனக் கையிலயே வச்சுக்கங்க. நேத்து ஒருத்தர் போன வூட்லயே வச்சுட்டு வந்து, திரும்ப என் வண்டியிலயே போனாரு." ஆளுக்கு முப்பது ரூபாய். ஆஸ்பத்திரியின் பெயரை இங்கே எழுதவில்லை. விளம்பரமும் வேண்டாம், புகாரும் வேண்டாம்.

உள்ளே நுழைந்ததும் இடது பக்கம் இரண்டு தொடுதிரைகள், ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. ஒன்றில் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. மற்றதன் முன் ஒன்பது பேர் வரிசை. முதலில் மொழி கேட்கிறது: தமிழ், ஆங்கிலம், கன்னடம். பிறகு போன் எண், ஓடிபி, பெயர், வயது, ஊர், எந்தப் பிரிவு. கடைசியில் 'வருகைக்கான காரணம்' என்று ஒரு பட்டியல். அதில் ஒன்றைத் தொட்டால் டோக்கன் சீட்டு வரும். எங்கள் முறை வந்தபோது ஷமீம் என் கையை விட்டுவிட்டு, "நீங்க அங்கயே இருங்கக்கா. நானே போட்டுக்கறேன்" என்றாள். நான் பின்னால் தள்ளி நின்றேன்.

அரை நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் அந்தத் திரை பழையபடி முதல் பக்கத்துக்குப் போய்விடும். இது எங்களுக்குத் தெரியாது. ஷமீம் காரணப் பட்டியலைப் படித்துக்கொண்டே நின்றாள், திரை மொழியைக் கேட்டது. மறுபடி எண், மறுபடி ஓடிபி. மறுபடியும் அதே இடத்தில் நின்றாள், அதுவும் போயிற்று. பின்னாலிருந்த ஒருவர், "கொஞ்சம் சீக்கிரம்மா" என்றார். மூன்றாவது தடவை சட்டென்று எதையோ தொட்டாள். சீட்டு வந்தது. அவள் முகத்தில் அப்பாடா என்று ஒரு தெளிவு வந்தது. மூலையில் இரண்டு நாற்காலி பார்த்து உட்கார்ந்தோம்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தார். "ஷமீம் யாருங்க? நெஞ்சு வலின்னு போட்ட ஷமீம்?"

மொத்த ஹாலும் திரும்பியது. ஷமீம் எழுந்து வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். நர்ஸ் அதற்குள் வழியில் நின்று அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "இப்படி வேர்த்திருக்குது, நடந்து போறீங்களே. உக்காருங்கம்மா, ஈசிஜி எடுக்கணும்."

"நெஞ்சு வலி இல்லீங்க."

"அப்புறம் ஏம்மா மார்பு வலின்னு அழுத்துனீங்க? அத அழுத்துனா எங்களுக்கு உள்ள மணி அடிக்கும்."

ஷமீம் தரையைப் பார்த்தாள். போய்விடலாம் என்று என்னைக் கூப்பிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தலையைத் தூக்கி, சாதாரணக் குரலில், ஹாலில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். "மாருல கட்டிங்க. நாலு மாசமா இருக்குது. அந்த லிஸ்ட்ல அதுக்குன்னு ஒண்ணும் இல்ல. மார்புன்னு போட்டிருந்தது அது ஒண்ணுதான். அதத் தொட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. சீக்கிரம் என்று சொன்னவர் செல்போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். நர்ஸ் குரலைத் தணித்துக்கொண்டு, மகளிர் பிரிவில் போய் 'மற்றவை' என்பதைத் தொட்டிருக்க வேண்டும் என்று சொல்லி, சக்கர நாற்காலியை ஓரமாக விட்டுவிட்டு அவளை நடத்தியே உள்ளே கூட்டிப் போனார்.

நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலிக்கு ஒரு பெண் மாறி வந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் டோக்கன்.

"அவுங்க உங்க தங்கச்சிங்களா?"

"தங்கச்சி மாதிரிங்க."

"அந்தக் கட்டி... அவுங்களுக்கு வலிக்குதுன்னு சொன்னாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று கேட்டேன். அவர் வாசலுக்கு வெளியே டீக்கடையைப் பார்த்தார். அங்கே அவர் கணவர் நின்றுகொண்டிருந்தார். "எனக்கு வலிக்கலைங்க. அதான் ஒண்ணும் இருக்காதுன்னு வுட்டுட்டேன். பொங்கலுக்கு முன்னாடியே இருந்துச்சு. இப்பக் காய்ச்சல்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன் அவர. எங்க மாமியா இதுலதான் போனாங்க. சொன்னா அவரு ஒடஞ்சு போயிருவாரு."

அவர் பெயர் சின்னப்பொண்ணு. ஊர் சித்தேரி. கணவர் வெள்ளையன்தான் மெஷினில் 'காய்ச்சல்' என்று அழுத்திக் கொடுத்திருக்கிறார். நான் சின்னப்பொண்ணுவை அழைத்துக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றேன். அவர்கள் எண்ணைப் போட்டதும், இந்த எண்ணில் இன்று ஏற்கெனவே பதிவு உள்ளது என்று காட்டியது. போனும் வெள்ளையனிடம் இருந்தது. யோசிக்க நேரமில்லை, திரை எப்போது வேண்டுமானாலும் போய்விடும். என் எண்ணைப் போட்டேன். ஓடிபி எனக்கு வந்தது. மகளிர் பிரிவு, மற்றவை. சீட்டு வந்தது.

அன்று மதியத்துக்குள் இருவருக்கும் ஸ்கேன் எடுத்து, ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரத்தம் எடுத்தார்கள் என்று சின்னப்பொண்ணு கணவரிடம் சொன்னார். முடிவு வந்ததும் போனுக்குச் செய்தி வரும் என்றார்கள். யார் போனுக்கு என்பது வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது.

எட்டாம் நாள் ஷமீமுக்கு வந்தது. நேரில் போனோம். பயப்படும் கட்டி இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்றார் டாக்டர். வரும் வழியில் ஷமீம் பேசிக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரியே கணவரிடம் சொல்லிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் காலை என் போனுக்கு வந்தது. 'சின்னப்பொண்ணு. அறிக்கை தயார். மருத்துவரை உடனே நேரில் சந்திக்கவும்.' ஷமீமுக்கு வந்ததில் 'உடனே' இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். முதல் பதிவில் இருந்த வெள்ளையன் எண்ணுக்கு அவர்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே. நானும் என் வீட்டு வாசலில் நடந்துகொண்டே பலமுறை கூப்பிட்டேன். அதே பதில். ஷமீமிடம் சொன்னதும் தைத்துக்கொண்டிருந்த துணியை ஊசியோடு அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "நானும் வர்றேன். நீங்க மட்டும் போய் நின்னா அவங்ககிட்ட என்ன சொல்றதுன்னே உங்களுக்குத் தெரியாது."

தருமபுரியிலிருந்து மொரப்பூர் வழியாக அரூர், கிட்டத்தட்ட நாற்பது கிலோமீட்டர். அரூரிலிருந்து சித்தேரி இன்னொரு முப்பது, பாதிக்கு மேல் மலைப்பாதை. மலைக்குப் போகும் பஸ்கள் குறைவு, நேரமும் மாறும். நாங்கள் போனபோது ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது அதிர்ஷ்டம். சாதாரண நாளாக இருந்தால் அந்தப் பாதையைப் பற்றி நிறைய எழுதியிருப்பேன். வளைவுகள், கீழே தெரியும் ஊர்கள், ஈரக்காற்று எல்லாம் இருந்தன. எனக்கு நினைவிருப்பது, மூன்றாவது வளைவில் போன் சிக்னல் போனதும், அதன் பிறகும் நான் போனையே பார்த்துக்கொண்டிருந்ததும்தான்.

கண்டக்டரிடம் விசாரித்தோம். "எந்த சின்னப்பொண்ணுங்க? நாலு பேரு இருக்கறாங்களே." வெள்ளையன் என்றதும் புரிந்துகொண்டு ஓர் ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் இறக்கிவிட்டார். "ஒரு மணிக்குத் திரும்பி வருவோம். அத வுட்டா சாயங்காலந்தான்."

மேட்டில் அரை மணி நேரம் நடந்தோம். சாமை வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்து நின்றார். கை மண்ணைத் தட்டவில்லை. ஷமீம் போய்ப் பக்கத்தில் நின்று, "உடனே வரச் சொல்றாங்க. நாங்க கூட வர்றோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

வயலின் அந்தப் பக்கத்திலிருந்து வெள்ளையன் வந்தார். "யாருங்க?"

நாங்கள் இருவரும் சின்னப்பொண்ணுவைப் பார்த்தோம். அவரே சொன்னார். "ஆஸ்பத்திரில பாத்தவங்க. எனக்குக் காய்ச்சல் இல்ல. மாருல கட்டி. அத்தைக்கு இருந்தாப்பல."

வெள்ளையன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். நான் மணியைப் பார்த்தேன், பிறகு பார்த்ததற்கு வெட்கமாக இருந்தது. துண்டை மடியில் போட்டுக்கொண்டு அவர் எங்களிடம், "எங்கம்மா மலைய வுட்டு எறங்கவே மாட்டேன்னுடுச்சுங்க. நானும் வுட்டுட்டேன்" என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். "நீ எறங்கிரு. சேலைய மாத்திக்கிட்டு வா. நான் மாட்டப் பக்கத்து வூட்ல சொல்லிட்டு வந்தர்றேன்."

ஒரு மணி பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். சாயங்காலம் டாக்டரைப் பார்த்தோம். இரண்டு வாரத்துக்குள் தருமபுரியிலேயே அறுவை சிகிச்சை நடந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பேச்சே வேறு என்றார் டாக்டர். இப்போது மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வெள்ளையன் கூட வருகிறார், டீக்கடைக்குப் போவதில்லை.

இந்த மாதிரி மெஷின் உள்ள இடத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. உங்கள் சொந்த எண்ணைக் கொடுங்கள். செய்தி எந்தப் போனுக்கு வருமோ அந்தப் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும். மலையில் இருப்பவர்கள் சிக்னல் கிடைக்கும் இன்னொருவர் எண்ணையும் டாக்டரிடம் எழுதச் சொல்லுங்கள். காரணம் பட்டியலில் இல்லையென்றால் 'மற்றவை' தொட்டுவிட்டு நர்ஸிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். வலிக்காத கட்டியையும் காட்டுங்கள். முன்னால் நிற்பவர் தயங்கினால் அவசரப்படுத்தாதீர்கள். காலை ஒன்பது மணிக்குள் போனால் வரிசை குறைவு. சித்தேரிக்குப் போகிறவர்கள் அரூர் பஸ் நிலையத்தில் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

பதிவில் இன்னும் என் எண்தான் இருக்கிறது. மாற்றலாமா என்று ஒரு தடவை கேட்டேன். இருக்கட்டும் என்றார் சின்னப்பொண்ணு. இன்று காலை அடுத்த மருந்துக்கான தேதி வந்தது. வெள்ளையன் மாடு ஓட்டிக்கொண்டு மதியம்தான் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வருவார். இதை எழுதிக்கொண்டே நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன், இன்னும் ரிங் போகவில்லை.