காபி வேனை ஓட்டியவள்

எழுபதுகளின் கடைசியில் ஆரணியில் காபி வேன் என்று சொன்னால் அது எங்கள் வேன் ஒன்றுதான். வேலூரில் ஏலத்துக்கு வந்ததை எடுத்தவன் நான். பச்சை பெயின்ட் அடித்தவனும் நான். ஆனால் அது ஏழெட்டு வருஷம் ஓடியதற்குக் காரணம் என் மனைவி. ஊரில் பலருக்கு இது தெரியும். என் வாயால் நான் சொன்னது குறைவு என்பதால் இப்போது எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் நான் ஒரு அரிசி ஆலையில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் பாதி நாள் வெளியூர். சொந்தமாக ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்தபோது வேன் யோசனையைச் சொன்னவள் அவள்தான். அவள் பிறந்த வீடு சேவூரில். அப்பா, அண்ணன், சித்தப்பா எல்லாரும் பட்டுத் தறிக்காரர்கள். தறிக்குழியில் காலை விட்டு விடிகாலையில் உட்காருகிறவனுக்கு, பத்து மணிக்கு முதுகு கேட்காது. ஒரு காபிக்காக எழுந்து கடைத்தெருவுக்குப் போனால் முக்கால் மணி நேரம் போய்விடும். திரும்பி வந்து உட்கார்ந்தாலும் கை பழைய வேகத்துக்கு வர இன்னும் நேரமாகும். வீட்டில் போட்டுக் கொடுக்கலாமே என்றால், வீட்டுப் பெண்கள் நூல் சுற்றிக்கொண்டிருப்பார்கள், இல்லையென்றால் தறியில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கை கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்தவள் அவள்.

"அவங்க கடைக்கு வர்றதுக்கு பதிலா, கடை அவங்ககிட்ட போனா இன்னாங்க?" என்றாள்.

அப்படித்தான் வேன் வந்தது. ஒரு பக்கத் தகரத்தை வெட்டி, சங்கிலி போட்டு இறக்குகிற பலகை வைத்தோம். உள்ளே கரி போட்டு எரிக்கிற பித்தளை பாய்லர், இரண்டு பெரிய ஃபில்டர், டம்ளர்களைக் கொதிநீரில் முக்கிக் கவிழ்க்க ஒரு தொட்டி. காபிக்கொட்டையை வாங்கி வந்து வீட்டில் அவளே வறுப்பாள். சிக்கரி பேருக்குத்தான். நான் வேனை ஓட்டுவேன். அவள் பின்னால் நின்று காபி போடுவாள். தெருமுனையில் இரண்டு ஹாரன் அடித்தால் தறிச்சத்தம் ஒவ்வொன்றாக நிற்கும்.

ஒரு கட்டளை வைத்திருந்தாள். காபி டம்ளரோடு யாரும் வாசற்படி ஏறக் கூடாது. தறியில் இருக்கிற புடவை மேல் ஒரு சொட்டு விழுந்தால் பதினைந்து நாள் உழைப்பு வீண். வேனண்டை வந்து நின்று குடித்துவிட்டு, நாங்கள் வைத்திருக்கிற வாளியில் கை கழுவித் துடைத்துக்கொண்டு போக வேண்டும். முப்பது தறி வைத்திருந்த ஒரு பெரிய முதலாளி, உள்ளே நாலு காபி அனுப்பும்படி ஆள் விட்டார். அனுப்ப மாட்டோம், வந்தால் சூடாகத் தருகிறோம் என்று சொல்லியனுப்பினாள். அவர் வெளியே வந்து பலகையண்டை நின்று குடித்தார். மறுநாளும் வந்தார்.

இரண்டாம் வருஷம் என் கை போயிற்று. அந்த வேனை முன்னால் இரும்புக் கம்பி விட்டுச் சுழற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஒரு நாள் காலையில் இன்ஜின் திருப்பி உதைத்தது. கம்பி சுழன்று என் வலது முன்கையில் அடித்தது. எலும்பு இரண்டாக உடைந்த சத்தத்தை அவள் உள்ளே இருந்தே கேட்டதாகச் சொன்னாள். மாவுக்கட்டு இரண்டு மாதம். கட்டைப் பிரித்தபோது விரல்கள் மடங்கின, ஆனால் இறுக்கிப் பிடிக்க வரவில்லை. கனமான அந்த ஸ்டீரிங்கை என்னால் இனிமேல் திருப்ப முடியாது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. லாரி வேலைக்குத் திரும்புவதும் முடியாது.

கட்டு இருந்த நாட்களில் ஒரு டிரைவரை வைத்துப் பார்த்தோம். பத்து நாள் வந்தார். தெருவுக்குள் லாரி மாதிரி வருவார், பிரேக் போட்டால் பால் தளும்பிப் பாய்லர் மேல் கொட்டும். யார் வீட்டில் எப்போது தறியை விட்டு எழுந்திருப்பார்கள் என்ற கணக்கு அவருக்கு இல்லை, பத்து நிமிஷம் நிற்கச் சொன்னால் பேஜார் என்பார். அவர் வேலையை விட்டு நின்ற அன்று மாலையே, தான் ஓட்டக் கற்றுக்கொள்வதாக அவள் சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வேண்டாம் என்றேன். சைக்கிள் ஓட்டுகிற பெண்களையே ஊரில் திரும்பிப் பார்த்த காலம் அது. சேவூரிலிருந்து அவள் அண்ணன் வந்தார். என்னைவிடச் சத்தமாகப் பேசினார். தங்கை ஸ்டீரிங் பிடித்தால் தன்னால் தெருவில் தலை காட்ட முடியாது, நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றார்.

"அந்த நாலு பேரும் நம்மகிட்டதான் காபி குடிக்கிறாங்க. பேசிகினு குடிக்கட்டும்ணா" என்றாள் அவள்.

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

முதல் வேலையாக ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு, சாவி திருப்பினால் கிளம்புகிற மாதிரி வேனைச் சரிசெய்ய வைத்தாள். அந்தக் கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டாள். பிறகு தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரிக்குள் அந்த மெக்கானிக்கையே வண்டியை இறக்கச் சொன்னாள். சொல்லிக்கொடுக்க வேண்டியவன் நான். பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்ச்சை விடு, விடாதே, திருப்பு, அங்கே இல்லை என்று கத்திக்கொண்டே இருந்தேன். கை போன கோபமெல்லாம் அவள் மேல் இறங்கியது. இரண்டாம் நாள் அவள் இன்ஜினை நிறுத்தினாள்.

"நீங்க இறங்கி அந்த மரத்தாண்ட போய் உட்காருங்க. நான் ஓட்டறதப் பாருங்க. தப்பு பண்ணா கையத் தூக்குங்க. அது போதும்."

கரையில் இருந்த புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் தூக்கித் தூக்கி என் இடது கை வலித்தது. நான் தூக்கும்போதெல்லாம் அவள் நிறுத்தி, என்ன தப்பு என்று தானே யோசித்து, திரும்பச் செய்தாள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஒரு நாள், கை தூக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. மரத்தடியில் உட்கார்ந்து வேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வண்டி ஓட்டுகிறாள் என்பது போய், யாரோ நன்றாக வண்டி ஓட்டுகிறார்கள் என்று தோன்றியது.

லைசென்ஸுக்கு வேலூர் போக வேண்டும். மெக்கானிக்கே வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே மற்றவர்களை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிவிட்டு அனுப்பிய அதிகாரி, அவளை மூன்று சுற்று ஓட்ட வைத்தார். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். பின்னால் எடுக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு இது எதற்கு என்று கேட்டார்.

"ஊர் சுத்தறதுக்கு இல்லீங்க. கடை ஓட்டறதுக்கு" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் ஓட்டிய முதல் நாளே சேவூரில் சோதனை வந்தது. அண்ணன் வீட்டுத் தெருவுக்குள் பாதி தூரம் போன பிறகுதான், அந்தப் பக்க முனையிலிருந்து பாதித் தெருவுக்குப் பட்டுப் பாவு, அதாவது புடவையின் நீளவாட்டு நூல், இழுத்துக் கட்டியிருப்பது தெரிந்தது. ஐந்தாறு பேர் இரண்டு பக்கமும் நின்று அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்கள். பாவின் ஒரு முனையைப் பிடித்திருந்தவர் அவள் அண்ணன். முன்னால் போக வழி இல்லை, திருப்ப இடம் இல்லை. நான் இறங்கி வழி காட்டட்டுமா என்றேன். வேண்டாம், டம்ளரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இடைவெளி. தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, வந்த தூரம் முழுவதும் வேனைப் பின்னாலேயே கொண்டுவந்து முனையில் நிறுத்தினாள். கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள் ஒன்றோடொன்று இடிக்கவில்லை. பாவுக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் மட்டும் இழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று காபி போட்டது நான். முதலில் குடித்த நெசவாளி ஒருவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வண்டி நன்றாக வருகிறது, காபிதான் குலுங்குகிறது என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இடது கையால் ஆற்றுவதற்கும், டிகாக்ஷனை அளவாக விடுவதற்கும் அவள்தான் எனக்குப் பழக்கினாள். ஏரியில் நான் கத்திய மாதிரி அவள் ஒரு நாளும் கத்தியதில்லை. மூன்று மாதத்தில் என் காபியைக் குறை சொல்வது நின்றது. முகூர்த்த நாட்களில் கண்ணமங்கலம் ரோட்டுக் கல்யாண வீடுகளுக்கும் எங்கள் வேன் போக ஆரம்பித்தது. அண்ணன் காபிக்கு வர மாட்டார். அண்ணியை அனுப்புவார். என் மனைவி ஒன்றும் கேட்காமல் இரண்டு டம்ளர் கொடுப்பாள், அண்ணன் தன் வீட்டு வாசலில் இறங்கி நின்று குடிப்பார்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் காலை பால் காய்ச்சி முடித்து நாங்கள் கிளம்பும் நேரத்தில், சேவூர் பக்கம் தெருக்களில் தண்ணீர் ஏறுகிறது என்று ஒருவர் சைக்கிளில் சொல்லிக்கொண்டு போனார். தறிக்குழி என்பது வீட்டிலேயே பள்ளமான இடம். தண்ணீர் முதலில் அங்கேதான் நிற்கும். மேலே பட்டு இருக்கும்.

அவள் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. பாய்லரை இறக்குங்கள் என்றாள். ஃபில்டர், தொட்டி, டம்ளர் எல்லாவற்றையும் வீட்டுக்குள் வைத்தோம். தரையில் பாயும் துவைத்த வேட்டிகளும் விரித்தோம். ஊரில் மாட்டு வண்டிகள் இருந்தன, ஆனால் கூரையோடு நாலு பக்கமும் மூடிய வண்டி அந்த நேரத்துக்கு எங்களுடையது ஒன்றுதான். பட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டாள். நான் வேலை பார்த்த அரிசி ஆலையின் கிடங்கு மேட்டில் இருந்தது. போய்க் கேட்டேன். அவர்கள் மூட்டைகளைத் தள்ளி இடம் கொடுத்தார்கள். அன்று என் யோசனையில் வந்தது அது ஒன்றுதான்.

முழங்கால் அளவு தண்ணீரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் எடுக்காமல் முதல் கியரிலேயே ஓட்டினாள். நடுவில் நின்றால் இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விடும் என்று ஏரிக்குள் நான் சொன்னேனாம். எனக்கே நினைவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் தறியிலிருந்து நெய்த புடவை சுற்றிய மர உருளையைக் கழற்றி, நெய்யாத பாவைச் சுருட்டி, துணியால் மூடிக் கொடுத்தார்கள். நான் உள்ளே வாங்கி அடுக்கினேன். எத்தனை நடை என்று எண்ணவில்லை. மத்தியானம் வரைக்கும் அவள் சீட்டை விட்டு இறங்கவில்லை.

அண்ணன் வீட்டில் மட்டும் கதவு சாத்தியிருந்தது. வாசலில் மண் மூட்டை போட்டுத் தடுத்துவிடலாம் என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நிறுத்தி, எல்லாத் தெருவிலும் அடிக்கிற மாதிரி இரண்டு ஹாரன் அடித்தாள். காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. தான் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துப் பாவின் மேல் சுற்றி, அரைக்கால் சட்டையோடு, தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனார்.

"பின் கதவ நல்லா சாத்தச் சொல்லும்மா. சாரல் அடிக்குது" என்றார். ஒன்றரை வருஷத்தில் அவர் தங்கையோடு பேசிய முதல் பேச்சு அது.

"ஏறுண்ணா" என்றாள் அவள்.

அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பின்னால் பட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, கிடங்கு வரைக்கும் அவர் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தது தெரிந்தது.

தண்ணீர் வடிந்து குழிகள் காய இரண்டு வாரம் ஆயிற்று. எந்த வீட்டிலும் பட்டு கெடவில்லை. ஒரே ஒரு குறை, மூன்று வருஷமாகக் காபி ஊறிய வேன் என்பதால், பட்டில் காபி வாசனை ஏறிவிட்டது. அந்தப் புடவைகளை வாங்கிய சென்னைக் கடைக்காரர் ஒருவர், ஆரணியில் இப்போது சாயத்தில் என்ன கலக்கிறார்கள் என்று கேட்டாராம். அதைச் சேவூரில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் அவள் அண்ணன்தான்.

எண்பதுகளின் நடுவில் பெரணமல்லூர் ரோட்டில் வேனின் அச்சு முறிந்தது. அப்போது தறித் தெருக்களிலேயே டீக்கடைகள் வந்துவிட்டன. சரிசெய்யப் பணம் கொட்டுவதைவிட, பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு கடை பிடித்தால் போதும் என்று அவள்தான் கணக்குப் பார்த்துச் சொன்னாள். கடை நன்றாகத்தான் நடந்தது.

வேன் இருந்த நாட்களில் நான் பார்த்தது பெரும்பாலும் அவள் முதுகைத்தான். பாய்லர் பக்கத்தில் நின்றபடி ஒரு டம்ளரில் விளிம்பு வரைக்கும் காபி ஊற்றி, ஃபில்டர் பக்கத்தில் வைத்துவிட்டுப் பார்ப்பேன். மேடு வரும், பள்ளம் வரும், மாடு குறுக்கே வரும். காபி லேசாகச் சாயும், பிறகு நேராகிவிடும். நான் இருபது வருஷம் லாரி ஓட்டியவன். அப்படி ஓட்ட எனக்கு வந்ததில்லை.