இரு வீட்டார் வாயிலும் நுழையும் பெயர்

தாம்பரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் சவரம் செய்யாத முகத்தோடு, பெயர்கள் எழுதிய ஒரு தாளைப் பிடித்திருந்தார். ஒவ்வொரு பெயரையும் குவித்த உள்ளங்கைக்குள் மூன்று முறை மெல்லச் சொல்லிப் பார்த்து, பென்சிலால் அடித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தவர் தாளை எட்டிப் பார்ப்பது என் பரம்பரைத் தொழில். "பேரப்பிள்ளைக்கா சார்?" என்றேன்.

"பேத்தி. பொண்ணு லண்டன்ல இருக்கா, மாப்பிள்ளை துருக்கிக்காரர். துருக்கியிலயும் இங்கிலீஷ்லயும் எல்லார் வாயிலயும் நுழையற பேரா நீங்களே வைங்கப்பான்னு சொல்லியிருந்தா."

"என் பேர் ஒரே பாஷைதான் சார். அதையே எங்க வீட்ல யாரும் கூப்பிடறதில்ல. 'ஏங்க'ன்னாலே ஓடறேன்."

மரியாதைக்குச் சிரித்தார். "பதினோராம் நாளுக்கு முன்னாடி பேரை வெளிய சொல்லக்கூடாதுன்னு நான்தான் நிறுத்தி வச்சேன் சார். எட்டாம் நாள் குழந்தை தவறிடுச்சு. கல்லறையில எழுத இன்னிக்குள்ள பேர் அனுப்பணும்."

எட்டிப் பார்த்த கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

மேடவாக்கம் நெருங்கும்போது தாளில் ஒரே பெயர் மிஞ்சியிருந்தது. "மீரா. துருக்கியிலயும் வைக்கறாங்களாம்," என்றவர் தயங்கினார். "இன்னொருத்தர் வாயால இந்தப் பேரை நான் இன்னும் கேட்கல சார். குழந்தையைக் கூப்பிடற மாதிரி ஒரு தடவை சொல்றீங்களா?"

கூப்பிட்டேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். கொஞ்சம் நல்ல குரலாக இருந்திருக்கலாம்.