லோடுக்கு அடியில் ஒரு கிளைமாக்ஸ்

அந்தப் படத்தின் கிளைமாக்ஸுக்குச் சென்னையில் ஜனங்கள் அழுதார்களாம். எங்கள் கும்மிடிப்பூண்டி தியேட்டரில் அதே காட்சிக்கு ஒருவன் எழுந்து நின்று கத்தினான். அந்த ஒருவன் நான்தான்.

அப்போது நான் ஓர் இரும்புக் கம்பி ஆலையில் சேஃப்டி சூப்பர்வைசர். ஹெல்மெட் போடாதவனைக் கண்டாலே எனக்கு உச்சந்தலையில் சூடேறும். அதே ஆலையின் பரிசோதனை லேபில் வேலை பார்த்த பெண்ணும் நானும் மீஞ்சூரிலிருந்து தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில் வருவோம். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவளிடம் கேட்க வேண்டும். ஒரு வருடமாக வாய் வரவில்லை. அதற்குள் அடுத்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து இந்தப் படம் வந்தது. கம்பி ஆலைத் தொழிலாளிக்கும் கேண்டீன் பெண்ணுக்கும் காதல். பாதி சிரிப்பு, பாதி அழுகை. நான் சொல்ல வேண்டியதைப் படமே சொல்லிவிடும் என்று நம்பி, பகல் காட்சிக்குக் கூப்பிட்டேன். வந்தாள். எங்கள் ஆலையில் பாதிப் பேர் வந்திருப்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ஹீரோ ரப்பர் செருப்போடு உலைப் பக்கம் போனான்.

"ஷூ எங்க நைனா?" என்றது பின்வரிசை.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளைமாக்ஸில் அவன் காதலி முன் மண்டியிட்டு மோதிரத்தை நீட்டினான். வயலின் அழுதது. இரண்டு பேர் தலைக்கும் மேலே, கிரேனில் ஒரு கட்டுக் கம்பி ஆடிக்கொண்டிருந்தது.

"லோடுக்கு அடியில இன்னா பண்றீங்க? தள்ளி நில்லுங்க!"

நான் எழுந்து கத்தியது கூட எனக்குத் தெரியாது. எங்கள் கிரேன் சிக்னல்காரர் பழக்கதோஷத்தில், நிறுத்தச் சொல்லி நீளமாக விசில் அடித்தார். தியேட்டரே சிரித்ததில் கதாநாயகி சொன்ன பதில் யார் காதிலும் விழவில்லை.

படம் முடிந்து, மீஞ்சூர் ரயிலுக்காகப் பிளாட்பாரத்தில் நின்றோம். அவமானத்தை மறைக்க, படத்தில் இருந்த பாதுகாப்புத் தவறுகளை விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொன்று. அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அவன் தப்பான எடத்துல நின்னுகினுதான் கேட்டான். ஆனா கேட்டுட்டான். நீங்க எப்ப கேப்பீங்க?"

வழக்கம்போல ஒருமுறை மேலே பார்த்தேன். ரயில் மின்கம்பி சரியான உயரத்தில் இருந்தது. வேறெதுவும் தொங்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"அடுத்த ஞாயிறு அவங்கள வர வேணாம்னு ஊட்ல சொல்லிடறேன்," என்றவள், என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மஞ்சக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வாங்க. ரயில் வருது."